இடது சக்கரத்தில் வண்டி மை

என் அன்பு அய்யாவுக்கு, உங்கள் மகள் பேச்சி எழுதுவது.

நம் கார் இப்போது கத்துவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுப்படியில் உட்கார்ந்து, விளக்குத் திரியை இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா கூடத்தில் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை. சித்தப்பா வாசலில் காருக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். அவர் குறட்டை கேட்கிறவரை எழுதலாம்.

விடிந்ததும் அம்மா அந்தக் காரில் குமுளிக்குப் போகிறாள். அங்கே ஏலத்தோட்டத்தில் இருக்கிற மாமாவுக்கு மலைக்காய்ச்சல். உங்களைக் கொண்டுபோன அதே காய்ச்சல். அம்மாவுக்கு இருப்பது அந்த ஒரு தம்பிதான். கீழே கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். உலகச் சண்டை இன்னும் முடியவில்லை, பெட்ரோல் தட்டுப்பாடு. பஸ் எந்த நாளில் ஓடும், எந்த நாளில் ஓடாது என்று யாருக்கும் தெரியாது. ஓடினாலும் நடுங்கிக்கொண்டு கிடக்கிற ஆளை அந்தக் கூட்டத்தில் எப்படி ஏற்றுவது? அதனால் கார்தான். ஓட்டப்போவது சித்தப்பா.

ஏறும்போது பயமில்லை அய்யா. இறங்கும்போது? கூடலூருக்கு மேலே அந்த வளைவுகளில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் வெறும் காற்றுமாக இருக்கிற இடத்தில், பிரேக்கை மிதித்தால் கார் எந்தப் பக்கம் போகும்?

நடந்ததைச் சொல்கிறேன். சித்தப்பாவைக் குறை சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் போன பிறகு மாட்டுக் கொட்டத்துக்குள் நின்ற காரை அவர்தான் வெளியே எடுத்தார். வாடகைக்கு ஓட்டி வீட்டைத் தாங்குகிறவர் அவர்தான். என் பள்ளிக்கூடச் சம்பளமும் அவர் கட்டுவதுதான். ஆனால் அவர் பிறவி வண்டிக்காரர். நீங்கள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். மாட்டு வண்டியை மறக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. இப்போதும் காரைக் கிளப்புகிறதற்கு முன்னால் அதன் மூக்கில் தட்டிக்கொடுத்து, "போவமாடா ராசா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்.

கொஞ்ச நாளாகவே பிரேக் போட்டால் முன்பக்கத்து இடது சக்கரம் கீச்சென்று கத்தியது. தெரு நாய்களெல்லாம் எழுந்து பார்க்கும். அது தூசி என்று எனக்குத் தெரியும். ரோட்டுப் புழுதி சக்கரத்துக்கு உள்ளே இருக்கிற பிரேக் டிரம்முக்குள் போய் அடையும், பிரேக் கட்டையில் ஒட்டியிருக்கிற லைனிங் தேய்ந்து கண்ணாடி போல வழவழப்பாகும், அப்போது கத்தும். நீங்கள் சக்கரத்தைக் கழற்றித் துடைத்து, லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்து மாட்டிவிடுவீர்கள்.

நீங்கள் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. நீங்கள் காருக்கு அடியில் கிடக்கும்போது மேலே பெடலை மிதிக்க இன்னொரு கால் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "அமுக்கு ஆத்தா... விடு ஆத்தா" என்று அடியிலிருந்து குரல் வரும். நடுநடுவே சக்கரத்தைத் திட்டுவீர்கள், கொஞ்சுவீர்கள், அதனிடம் நியாயம் கேட்பீர்கள். நான் மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது உள்ளே தங்கிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

சித்தப்பாவுக்குச் சக்கரம் கத்தினால் ஒரே மருந்துதான். முந்தாநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, காரின் இடது சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றிக் கீழே போட்டிருந்தார். மாட்டு வண்டிக்கு அடியில் தொங்குமே அந்த மூங்கில் குழாய், அது அவர் மடியில் இருந்தது. அதற்குள் விரலை விட்டு வண்டி மையை வழித்து வழித்துப் பிரேக் கட்டைகளின் மேல் அப்பிக்கொண்டிருந்தார். விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் கலந்த அந்த வாடை தெருமுனை வரை வந்தது.

"சித்தப்பா, அங்கன மை போடக்கூடாது. அது உரசுற எடம்" என்றேன்.

"ஏத்தா, உரசுற எடத்துலதான மை போடணும்? வேற எங்கன போடுவாக, உன் சடையிலயா?"

"இல்ல சித்தப்பா, அது உரசுனாத்தான் கார் நிக்கும்."

"ஒனக்கு வாய்ப்பாடு தெரியும். எனக்குச் சக்கரம் தெரியும். மாடு இழுத்தா என்ன, பெட்ரோல் இழுத்தா என்ன, சக்கரம் கத்துனா மை கேக்குதுன்னு அர்த்தம். பச்சப்புள்ள பாலுக்கு அழுகுற மாதிரி."

மாட்டினார். ஓட்டிப் பார்த்தார். சத்தம் நின்றுவிட்டது. அவர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அய்யா? "அண்ணன் இத்தன வருசமா உப்புத்தாள வச்சு மல்லுக்கட்டுனாரு. ஒரு கை மையில முடிஞ்சுபோச்சு பாத்தியா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள்.

இன்று சாயங்காலம், மலைக்குப் போகும் முன் ஒரு நடை போய்வரலாம் என்று எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். பாலத்துக்கு இறங்குகிற சரிவில் எதிரே ஒரு வைக்கோல் வண்டி வந்தது. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. வலது பக்கம் யாரோ காதைப் பிடித்து இழுத்தது போலத் திரும்பியது. சித்தப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, "ஹோவ்! ஹோவ்!" என்று கத்தினார். மாட்டு வண்டியாக இருந்தால் நின்றிருக்கும். கார் ரோட்டைக் குறுக்கே கடந்து வாய்க்காலில் மூக்கை விட்டுத்தான் நின்றது.

டீக்கடையில் இருந்தவர்கள் ஓடிவந்து தூக்கி விட்டார்கள். "என்ன மாப்ள, வண்டிக்குத் தண்ணி காட்டக் கூட்டியாந்தீகளா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சேலையில் பட்ட சேற்றைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், நீங்கள் செய்வது போல ஒவ்வொரு டிரம்மையும் தொட்டுப் பார்த்தேன். வலது பக்கத்து டிரம் விரலைச் சுட்டுவிட்டது. இடது பக்கத்து டிரம் மண்பானை போல ஜில்லென்று இருந்தது. உழைத்த சக்கரம் சுடும், சும்மா சுற்றிய சக்கரம் சுடாது. டயரின் உள்பக்கம் கறுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய்.

அதற்குள் சித்தப்பா காருக்கு அடியில் போய், பெடலிலிருந்து சக்கரங்களுக்குப் போகிற கம்பிகளை எல்லாம் இறுக்கிவிட்டு வந்தார். "பெடல் இப்ப கல்லு மாதிரி நிக்குது. இனிமே ஒண்ணும் செய்யாது" என்றார். இறுக்கினால் வலது சக்கரம் இன்னும் பலமாகப் பிடிக்கும், மை பூசிய சக்கரம் வழுக்கத்தானே செய்யும்? அதைச் சொன்னேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"வயசுக்கு வந்த புள்ளைக்குக் காருக்கு அடியில என்ன சோலி? ஊரே சிரிச்சது பத்தாதா, நீ வேறயா? இன்னொரு வார்த்த பேசுனா நாளையில இருந்து பள்ளிக்கூடம் கெடையாது. மதினி, ஒங்க மக கிட்டச் சொல்லி வைங்க."

அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பித்தளைச் செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்குக் கஞ்சி கொண்டுபோகிற செம்பு.

அப்போதிலிருந்து என் மனசு ஒரு இடத்தில் உட்காரவில்லை. டயரில் ஆணியைக் குத்திவிடலாமா என்று நினைத்தேன். கார் போகாவிட்டால் மாமா என்ன ஆவார்? நீங்கள் கடைசியில் எப்படி நடுங்கினீர்கள், நான்கு கம்பளி போட்டும் எப்படி நடுங்கினீர்கள் என்று பார்த்தவள் நான். கார் போனால் அம்மா என்ன ஆவாள்? ஒருவேளை நான் சொல்வதே தப்பாக இருந்தால்? டிரம் ஜில்லென்று இருந்ததற்கு வாய்க்கால் தண்ணீர் காரணமாக இருக்குமோ? ஆனால் வாய்க்காலில் இறங்கியது வலது சக்கரம் அல்லவா? நீங்கள் ஒரே ஒரு தடவை "ஆமா" என்றோ "இல்ல" என்றோ சொல்லக் கூடாதா?

குறட்டை நின்றுவிட்டது.

எழுத்து இந்த இடத்தில் கோணிக் கிடப்பதற்குக் காரணம் சொல்கிறேன். அம்மா வந்துவிட்டாள். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. நான் தாளைப் பாவாடைக்குள் மறைத்தேன்.

"யாருக்கு எழுதுற?" என்றாள்.

பொய் வரவில்லை. "அய்யாவுக்கு" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்றும் நினைத்தேன். அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ரகசியமாகக் கேட்டாள்: "எந்தச் சக்கரம்?"

"முன்பக்கம் எடது."

"உங்க அய்யா இருந்தா என்ன செஞ்சிருப்பாக?"

ஒரு மழைக்காலத்தில் அச்சிலிருந்து கிரீஸ் கசிந்து இதே லைனிங் நனைந்துபோனதே, அப்போது நீங்கள் செய்ததைச் சொன்னேன். பிரேக் கட்டையைச் சுரண்டி, பெட்ரோலில் கழுவி, வெளியில் வைத்துத் தீக்குச்சி கிழித்துப் போட்டு, ஊறிய எண்ணெய் எரிந்து போனதும் உப்புத்தாளால் தேய்த்து மாட்டினீர்கள். மதுரையிலிருந்து புது லைனிங் வருகிறவரை அது தாங்கியது. மண்ணெண்ணெய் உதவாது, அதிலும் பிசுக்கு இருக்கும் என்றும் சொன்னேன். அம்மா பாடம் கேட்பது போலக் கேட்டாள்.

"உங்க சித்தப்பனுக்கு விடியங்காட்டித் தண்ணி மொற. இப்பத்தான் மம்பட்டிய எடுத்துக்கிட்டு வயலுக்குப் போறாக. நம்ம வயலு மடைய மூடிட்டு அவுக திரும்பி வர நல்லா விடிஞ்சிரும்" என்றாள். "ஜாக்கி வைக்கத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். நட்டுத்தான் என் கைக்கு வராது."

"என் கைக்கு வரும். வராட்டி ஒலக்கையக் குடுத்து நெம்புவோம்."

"சித்தப்பா கேட்டா?"

"கழட்டச் சொன்னது நாந்தான்னு சொல்லு. எந்தம்பி ஏறி வரப்போற வண்டி. பள்ளிக்கூடத்த எவன் நிறுத்துறான்னு நானும் பாக்குறேன்." கொண்டையை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். "அவுகளுக்கு எழுதி முடிச்சிட்டு வா. வெரசா வா."

ஜாக்கியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்கிறது அய்யா. இனி நிறைய எழுத முடியாது.

இதை மட்டும் உங்களுக்கு வாக்காகச் சொல்கிறேன். இடது சக்கரத்தைக் கழுவி மாட்டுவோம். வலது பக்கத்துக் கம்பியைத் தளர்த்துவோம். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, அம்மா கையால் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றுவாள், நான் பெடலை மிதிப்பேன். இரண்டும் ஒரே அழுத்தத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். சித்தப்பா அடித்தாலும் கொடுக்க மாட்டேன். மாமாவைக் கட்டிலோடு தூக்கிவர நானே நாலு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு மலை ஏறுவேன்.

அம்மா கூப்பிடுகிறாள்.

பயத்தோடுதான் போகிறேன், ஆனால் போகிறேன்,
உங்கள் மகள்
பேச்சி