பரீதா கேட்ட பகிடி

செவ்வாய், இரவு.

இன்று மார்பகப் புற்றுநோய் கிளினிக் வரிசையில், நான் பஞ்சு வைத்துத் தைத்த பொய் மார்பு சட்டைக்குள்ளிருந்து நழுவி மடியில் விழுந்தது. கூசிப் போனேன். பக்கத்திலிருந்த கிளினிக் தோழி பரீதா அதை எடுத்துத் தூசு தட்டித் தந்தாள்.

"எனக்கு இடது இல்ல, ஒங்களுக்கு வலது இல்ல. ஒட்டி நின்டா ஒரு முழுப் பொம்பள, அக்கா."

வரிசையிலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

டொக்டரைப் பார்த்துவிட்டு வந்த பரீதாவின் முகம் வேறாக இருந்தது. மற்றப் பக்கத்திலும் கட்டியாம். வியாழக்கிழமை ஊசி குத்திச் சோதிப்பார்களாம்.

"வீட்ட சொல்ல மாட்டேன், அக்கா."

"நான் உன்னோட வாறன்" என்றேன்.

பொரளையிலிருந்து வரும் பஸ்ஸில் அவள் என் கையை விடவேயில்லை.

"சிரிக்க ஏதாச்சும் பகிடி சொல்லுங்களே."

எனக்கு ஒன்றும் வரவில்லை. வெள்ளவத்தையில் இறங்கும்வரை யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன். வியாழனுக்குள் ஒன்றாவது கண்டுபிடிக்க வேண்டும்.