கொடியின் பின்புறப் பசை

அன்பு மகனே,

எழுத்துகள் குடித்தவன்போலத் தள்ளாடுகின்றன, பொறுத்துக்கொள். அப்பா தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது!

எழுதும் முன்பே உறையில் ஒட்டிவிடும் ஆசையில், தபால் நிலையத்தில் நம் நாட்டின் பழங்காலக் கொடிகள் அச்சிட்ட தபால்தலைகளை வாங்கி, ஒன்றை நாக்கருகே கொண்டுபோனேன். தபால்தலை சேகரிக்கும் வெள்ளைக்காரர் விட்டேக்கர் பின்னாலிருந்து கத்தினார்: “கறுப்பன் எச்சிலா நம்ம கொடியில? அங்க வச்சிருக்கிற ஈரப் பஞ்சுல நனைடா கிழவா!”

திரும்பினேன். “என் பையன் இந்தக் கொடிக்காகத்தான் வியட்நாம் சேத்துல கிடக்கான். அவனுக்கு யாரும் பஞ்சு குடுக்கலையே, சார்?” என்றேன்.

அவரைப் பார்த்துக்கொண்டே நன்றாக நக்கி ஒட்டினேன். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனால் என் எச்சில் மீதிக் கொடிகளுக்கு வேண்டும். அடுத்த வாரமும் எழுதுகிறேன். அவை தீருமுன் வந்துவிடு.

உன் அப்பா