காலண்டர் கட்டிங்கும் நம் வீட்டு அடுப்பும்

கோபம் வந்தாலும் குரல் உயர்த்தாத என் மாரிக்கு,

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு நம் வீட்டு அடுப்படி என் பொறுப்பு. சிரிக்காதே. சோறு குழையாமல் வடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். அந்த விறகடுப்புதான் என்னிடம் முறுக்கிக்கொண்டு நின்றது. அதே அடுப்பு, அதே கருவேல விறகு. உனக்குப் புகையாதது எனக்கு மட்டும் ஏன் புகைந்தது?

என் கண் எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும். நம் பிள்ளை செல்விக்கு மூச்சிளைப்பு வந்துவிட்டது. நாரணாபுரத்திலிருந்து சிவகாசி ஆஸ்பத்திரிக்கு அவளை அள்ளிக்கொண்டு ஓடினேன். புகையே ஆகாது என்றார் டாக்டர். கேஸ் அடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சர்க்கார் இலவசமாகக் கொடுக்கும் கலர் டிவி வந்துவிட்டது, கேஸ் வரக் காணோம்.

ஆனைக்குட்டத்திலிருந்து அக்கா வந்து பார்த்தாள். "ஏலே, பிள்ளையக் கொல்லப் பாக்கியா? ஞாயித்துக்கெழம வாரேன். துணிமணிய எடுத்து வையி, அவ எங்கூடவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். செல்வியும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது?

அன்று முதல் ஒரே யோசனை. நீ என்னதான் செய்தாய்? பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்ததும் குளித்துச் சேலை மாற்றாமல் அடுப்படிக்குள் நுழைய மாட்டாய். வேலைச் சேலையில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கும் என்பாய். அதுவரை காபி கிடைக்காமல் நான் முணுமுணுப்பேன். பக்கத்தில் எப்போதும் ஒரு குடம் தண்ணீர் இருக்கும். சமையல் முடிந்ததும் கட்டைகளை வெளியே இழுத்து அணைப்பாய். இதையெல்லாம் நானும் செய்கிறேன். நீ அடுப்புப் பற்றவைப்பதை மட்டும் நான் கவனித்ததே இல்லை. அந்த நேரம் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்.

நான் எதை வைத்துப் பற்றவைத்தேன்? வேறென்ன, எங்கள் பிரஸ் கட்டிங்தான். காலண்டர் ஓரத்தில் வெட்டி விழும் வழவழப்பான கலர்த் தாள். கல்யாணமான நாளிலிருந்து மூட்டை மூட்டையாக உனக்குக் கொண்டுவந்தேனே! நீயும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாயே!

செல்வியிடம் கேட்டேன். "அம்மா அத அடுப்புல வைக்கவே மாட்டாப்பா. மை நாத்தம் தொண்டையக் கமறும்பா. எடைக்குப் போட்டுட்டு எனக்கு முட்டை வாங்கித் தருவா. 'அப்பா ஆசையா தூக்கிட்டு வாராக, அவுககிட்ட சொல்லிராத'ன்னு சொல்லியிருக்கா" என்றாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதேன்.

"அப்ப எதை வச்சுத்தான் பத்தவைப்பா?" என்றேன். "காஞ்ச பருத்திமார்" என்றாள். மறுநாள் அந்தப் பருத்திச்செடிக் குச்சிகளை ஒடித்து வைத்தேன். மை நாற்றம் போனது, புகை போகவில்லை. அடுப்பின் வாய் நிறைய விறகைத் திணித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஸ்ஸில் தாளுக்கும் தாளுக்கும் நடுவே காற்று அடித்தால்தான் மிஷின் ஒவ்வொன்றாக எடுக்கும். விறகும் அப்படித்தானோ? சாம்பலை வழித்தேன். வெயிலில் நன்றாகக் காய்ந்த கட்டையாகப் பொறுக்கி, இரண்டே இரண்டை இடைவெளி விட்டு வைத்தேன். தீ மளமளவென்று பிடித்தது.

நிமிர்ந்து பார்த்தால் அடுப்புக்கு நேர் மேலே கூரையில் ஒரு ஓடு ஒருபக்கமாகத் தூக்கியிருக்கிறது. மிச்சம் மீதிப் புகை அந்த வழியே போகிறது. அது நீ தூக்கி வைத்ததா, காற்று தள்ளியதா? செல்விக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்துவிட்டாள். செல்வியின் பை வாசல் பக்கம் தயாராக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அக்கா கேட்டாள்: "உச்சிப்பொழுதாகப் போவுது, இன்னும் அடுப்பே பத்தவைக்கலையாலே?"

உள்ளே சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

அக்கா எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். செல்வி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் துணிகளைத் திரும்பக் கொடியில் போட ஆரம்பித்தாள். சாப்பிட்டுவிட்டு அக்கா தனியாகத்தான் பஸ் ஏறினாள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் மாரி. அத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொன்னால் என் முகம் வாடிவிடும் என்றா?

இனி ஒரு துண்டு கட்டிங்கும் நம் அடுப்பில் விழாது, இது சத்தியம். ஆனால் மூட்டை கொண்டுவருவதை நிறுத்த மாட்டேன். நம் பிள்ளைக்கு முட்டை வேண்டுமே.

இன்னும் மூட்டை சுமக்கும்,
உன் செல்வியின் அப்பா