சுவீடன் பாட்டுத் தெரியாதவன்

1988 ஜனவரி 11, திங்கள்

பஸ் வரவில்லை. நடந்து போய்ப் பிந்தித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி முசியே கன்யோன் மணிக்கூட்டைப் பார்த்தார். மொன்றியலில், சென்ட் லோரன்டில் இருக்கும் அவருடைய களஞ்சியத்துக்கு வெளிநாட்டு இசைத்தட்டும் கசற்றும் வந்து இறங்கும். அங்கேயிருந்து கியூபெக் முழுக்கக் கடைகளுக்குப் போகும். பெட்டி உடைத்து அடுக்குவது என் வேலை. றேடியோ திருத்தப் படித்தவன் செய்கிற வேலையா என்றால், சம்பளம் தருகிற எதுவும் வேலைதான்.

வீட்டுக்கு வந்தால் குடிவரவுக் கந்தோர்க் கடிதம். ஏப்ரல் 12இல் சத்தியம் பண்ணி வாக்குமூலம் கொடுக்க வேண்டும். என்னை இந்த நாட்டில் வைத்திருப்பதா, திருப்பி அனுப்புவதா என்பது அதை வைத்துத்தான்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் இந்த வீட்டை என்னோடு பங்குபோட்டிருக்கும் யோகேந்திரன் அண்ணை மட்டக்களப்பு. எனக்கு முன்னமே வந்தவர், ஆகவே எல்லாம் தெரிந்தவர். கறியைக் கிண்டிக்கொண்டே சொன்னார்: "கொழும்பில ஏறினாய். இடையில பிளேன் மாறினாய். மொன்றியலில இறங்கினாய். அவ்வளவுதான். சுவீடன் எண்ட சொல்லு உன்ர வாயால வரப்படாது."

ஒரு வருசத்துக்கு மேல் சுவீடனில் அகதி முகாமில் இருந்தேன். பத்து விரல் ரேகையும் அங்கே கிடக்கிறது. மறுத்து, வெளியே போ என்றார்கள். அது தெரிந்தால் இங்கே மட்டும் மாலை போடுவார்களா?

ஜனவரி 14

விடியப்புறம் சைரன். கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். பனி அள்ளுகிற வண்டி வருகிறது, காரை எடு என்பதற்கான சைரன். மன்னாரில் சைரன் போட்டுக்கொண்டு பனி அள்ள யாரும் வருவதில்லை.

ஜனவரி 20, புதன்

மடத்தனம் பண்ணிவிட்டேன்.

கன்யோன் சுவீடனிலிருந்து மாதிரிக் கசற்றுகள் எடுப்பித்திருக்கிறார். இப்போது அந்த நாட்டுப் பாட்டு என்றால் ரொறொன்ரோக் கடைகளில் வரிசையில் நின்று வாங்குகிறார்களாம். பத்துப் பதினைந்து கசற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு எல்லாரையும் கேட்கச் சொன்னார். மூன்றாவது ஓடியதும் என் வாய் தானாகத் திறந்தது.

"இது போகும். முதல் நிமிசத்துக்குள்ள கோரஸ் வருது. அங்க போன வருசம் எல்லாக் கடையிலயும் இதுதான் ஓடினது."

"அங்கே என்றால் எங்கே?" என்றார் கன்யோன்.

பத்திரிகையில் வாசித்ததாகச் சொன்னேன். எந்தப் பத்திரிகை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் விழுந்திருப்பேன்.

முகாமில் உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு றேடியோ இருந்தது. பழுதாய்க் கிடந்ததை நான்தான் திருத்தினேன். ஒவ்வொரு கிழமையும் எந்தப் பாட்டு ஏறியது, எது இறங்கியது என்று றேடியோக்காரன் அறிவிப்பான். முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லாத சனம் அந்தப் பாட்டு வந்தால் மட்டும் சேர்ந்து முணுமுணுக்கும். எனக்கு வேறு வேலை இல்லை. கேட்டுக்கொண்டு இருந்தேன். எது விற்கும், எது விற்காது என்று பிடிபட்டுவிட்டது. மெட்டு நேராய் இருக்க வேண்டும், தாளம் அடியில் கனக்க வேண்டும், பாடுகிறவன் அழுதாலும் கால் ஆட வேண்டும். பெரிய விஞ்ஞானம் இல்லை.

பிப்ரவரி 3

நான் சொன்ன கசற் தீர்ந்துவிட்டது. புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதியிலிருந்து இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்பு என்று போன். கன்யோன் என் தோளில் தட்டி, "இனிமேல் சுவீடன் பெட்டியெல்லாம் உன் பொறுப்பு" என்றார்.

மற்றவனுக்கு இது பதவி உயர்வு. எனக்குப் பொறி. சுவீடன் பாட்டை ஒரு தமிழன் எப்படி அறிவான் என்று யாராவது ஒருநாள் கேட்கத்தானே போகிறான்?

பிப்ரவரி 5

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பிழையாகத் தெரிவு செய்வது. ஒருமுறை விற்காமல் படுத்துவிட்டால் என்னை விட்டுவிடுவார், நானும் என் பெட்டிகளோடு இருக்கலாம்.

இருப்பதிலேயே மோசமானதை எடுத்துக் கொடுத்தேன். ஊதா நிறக் கோட்டுப் போட்ட ஆறு நடுத்தர வயது ஆம்பிளைகள், முன்னால் ஒரு அக்கோர்டியன். முகாமுக்குப் பக்கத்து மண்டபத்தில் வெள்ளிக்கிழமை கிழடுகள் ஆடுகிற வகை. பாட்டு முழுக்கச் சுவீடிஷ். வசனம் ஒன்றும் இங்கே ஒருத்தனுக்கும் விளங்காது.

"நிச்சயமா?" என்றார்.

"நிச்சயம்" என்றேன். அது மட்டும் பொய்யில்லை. படுக்கும் என்பது நிச்சயம்.

பிப்ரவரி 19, வெள்ளி

எழுத்துக் கோணலாகப் போகுது.

கசற் அனுப்புகிற சுவீடன் கொம்பனியிலிருந்து லென்னார்ட் என்று ஒருவர் களஞ்சியம் பார்க்க வந்தார். உயரமான, சாந்தமான மனுசன். நான் தூரத்தில் நின்றேன், குனிந்த தலை நிமிரவில்லை. அவர் ஒரு பெட்டி அடுக்கின் கீழே நின்று பேர் வாசித்துக்கொண்டிருந்தார். மேல் பெட்டி சரிந்தது. கண்டேன். கத்தினேன்.

"அக்தா!"

கவனம் என்று தமிழில் கத்தியிருக்கலாம். இங்கிலீசில் கத்தியிருக்கலாம். முகாமில் ஒரு வருசம் விறகு இறக்கியபோது நாங்கள் கத்தின சொல் அது. அதுதான் வந்தது. அவர் விலகினார், பெட்டி நிலத்தில் வெடித்தது. பிறகு அவர் என்னைத்தான் பார்த்தார், பெட்டியை இல்லை. சுவீடிஷ் எங்கே படித்தாய் என்று சுவீடிஷிலேயே கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை என்றேன். அதையும் சுவீடிஷில் சொன்னேன்.

மடையன். மடையன். மடையன்.

அவர் சிரித்தார். கன்யோனிடம் போய் ஏதோ சொன்னார். கன்யோனும் சிரித்தார். ரெண்டு பேரும் சிரிக்க நான் உடைஞ்ச கசற் பொறுக்கிக்கொண்டு நிண்டன்.

பிப்ரவரி 20

அண்ணைக்குச் சொல்லவில்லை.

மார்ச் 7, திங்கள்

அக்கோர்டியன் விற்கிறது.

நம்ப ஏலாமல் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மொன்றியலில் ஒன்றுமில்லை. வடக்கே, அபிதிபியில், சகெனேயில், பெயர் தெரியாத சின்னச் சின்ன ஊர்களில் பெட்டி பெட்டியாகப் போகிறது. ஒரு கடைக்காரருக்கு நானே போன் எடுத்துக் கேட்டேன். என் பிரெஞ்சு கேவலம். அவருடைய இங்கிலீசு அதைவிடக் கேவலம்.

"வசனம் விளங்குதா உங்கட ஆக்களுக்கு?"

"வசனத்தை யாரப்பா கேட்டது? இங்கே அக்கோர்டியன் இல்லாமல் கலியாணம் நடக்காது. காலுக்கு விளங்கினால் போதும்."

கன்யோன் அப்படிப்பட்ட ஓர் ஊரில் பிறந்தவராம். தகப்பனும் அக்கோர்டியன் வாசிப்பாராம். களஞ்சியத்தின் நடுவில் என்னைக் கட்டிப்பிடித்தார். "நான் பிறந்த ஊரின் காதை நீ எப்படி அறிந்தாய்?" என்றார், கண் கலங்கி.

அறிந்தா கொடுத்தேன்? படுக்கட்டும் என்று கொடுத்தேன்! இதை யாரிடம் சொல்லி அழுவது?

மார்ச் 16, புதன்

சென்ட் லோரன்டில் வீட்டுக்கு வீடு சும்மா போடுகிற கிழமைப் பத்திரிகையில் என் படம். பெட்டிக்கு முன்னால் நிற்கிறேன், களவெடுத்துப் பிடிபட்டவன்மாதிரி. போன கிழமை ஒரு பெட்டை படம் எடுத்துக்கொண்டு போனபோது களஞ்சியச் சுவரில் மாட்ட என்றார்கள்.

தலைப்பு: 'சுவீடன் காதுள்ள தமிழ் இளைஞர்.' இரண்டாவது பந்தியில்: 'சுவீடனில் வசித்த காலத்தில் அந்நாட்டு இசையைக் கற்றுக்கொண்ட பற்றிக்...' என்று என் பேரோடு. கன்யோன் சொல்லியிருக்கிறார். லென்னார்ட் சொல்லி அவருக்குத் தெரியும். மனுசன் எனக்கு நல்லது செய்ததாக நினைக்கிறார்.

பேர், படம், நாடு. இதைவிடக் குடிவரவுக் கந்தோருக்கு வேறென்ன வேணும்? வரேக்க மூன்று பஸ் தரிப்பில கிடந்த பத்திரிகையெல்லாம் பொறுக்கிக் குப்பையில போட்டன். விசர்வேலை. ஆயிரக்கணக்கில அடிச்சிருப்பாங்கள்.

மார்ச் 20, ஞாயிறு

மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போனேன். கோயில் வாசல் அறிவித்தல் பலகையில் என் படம்! பிலோமினம்மா குத்தியிருக்கிறார். எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கும் மன்னார் மனுசி. அந்தப் பத்திரிகை அவருடைய மருமகன் வீட்டுக்குப் போயிருக்கிறது.

"அன்ரி, அதைக் கழட்டுங்கோ."

"ஏன்டா? எங்கட மன்னார்ப் பெடியன் பேப்பரில வந்திருக்கிறான். சனம் பாக்கட்டுமே."

"கழட்டுங்கோ எண்டுறன்!"

கத்திவிட்டேன், கோயில் வாசலில். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனுசியின் முகம் சுண்டிப்போனது. ஒவ்வொரு ஊசியாய்ப் பிடுங்கி, பேப்பரை மடித்து என் கையில் வைத்தார். "படம் வடிவாய்த்தான் இருக்கு. நீதான் வடிவில்லை" என்றுவிட்டுப் போனார்.

மார்ச் 21

பேப்பரை யோகேந்திரன் அண்ணைக்கு முன்னால் போட்டேன். ஏச்சுத்தான் விழும் என்று நின்றேன். அவர் கறிச் சட்டியை இறக்கி அடுப்பை நூர்த்தார். கதிரையில் இருந்தார். கனநேரம் படத்தையே பார்த்தார்.

"நான் பெர்லினில ரெண்டு வருசம் கோப்பை கழுவினனான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "நீங்கள் கொழும்பில ஏறி—"

"ஓம், ஓம். கொழும்பில ஏறி, பிளேன் மாறி, இங்க இறங்கினனான். எனக்கும் ஒருத்தன் அப்பிடித்தான் சொல்லித் தந்தவன்."

"அவனுக்கு ஆர் சொன்னது?"

"எனக்கென்ன தெரியும்? அவனும் ஆரின்ரையோ அடுப்படியில கேட்டிருப்பான்."

இத்தனை மாதமாய் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டோம். அவர் பெர்லினை ஒளிக்க, நான் சுவீடனை ஒளிக்க. கோபத்தில் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. போன வருசம் அகதிச் சட்டம் மாற முதல் வந்தவர்களுக்குத் தனி வரிசை என்றபடியால் அவரை இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் கூப்பிடுவார்கள். நூர்த்த அடுப்பை அவர் மறுபடியும் நூர்க்கப் போனார்.

"லோயரிட்டப் போவம் அண்ணை."

"போனால் உள்ளதையெல்லாம் எழுதிப்போடுவினம்."

"பேப்பரில அடிச்சே போட்டாங்கள். இனி எழுதினால் என்ன?"

மார்ச் 28, திங்கள்

அக்காடி மெட்ரோ இன்று திறந்தார்கள். அதில் ஏறித்தான் இரண்டு பேரும் இலவச சட்ட உதவி லோயரிடம் போனோம். அண்ணை வழி முழுக்கக் கம்பியைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

லோயர் இளம் பெண், என்னைவிட அவசரக்காரி. பேப்பரை வாசித்துவிட்டுக் கேட்டாள்: "சரி. இதிலே என்ன பிரச்சினை?"

சொன்னேன், எல்லாம்.

"சுவீடனில் இருந்தது குற்றமில்லை. அவர்கள் மறுத்தது இங்கே தீர்ப்புமில்லை. சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொன்னால்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அது கிடக்கட்டும், அவர்கள் ஏன் மறுத்தார்கள்?"

அதையும் சொன்னேன், முதல்முறையாக.

சுவீடனில் நான் மாணவன் என்றுதான் சொன்னேன். றேடியோ என்று சொல்லாதே, ஆயுத இயக்கத்துக்கு ட்ரான்ஸ்மிற்றர் செய்தவன் என்று நினைப்பார்கள் என்று முகாமில் ஒருத்தன் சொன்னான். கேட்டேன். மொன்றியல் விமான நிலையத்திலும் அதையே சொன்னேன். மன்னாரில் நான் வேலை செய்த றேடியோக் கடைக்கு ஆமி வந்ததை, மேசையில் திறந்து கிடந்த றேடியோச் செற்றைத் தூக்கிக் காட்டி என்ன இது என்று கேட்டதை, என்னையும் கடையில் என்னோடு நின்ற ஹென்றியையும் கொண்டுபோனதை, என்னை மட்டும் விட்டதை, ஹென்றி திரும்பி வராததை—ஒரு நாட்டிலும் சொல்லவில்லை.

லோயர் பேனையைக் கீழே வைத்தாள். "நீங்கள் அகதி என்பதற்கு இருக்கிற ஒரே காரணத்தை விட்டுவிட்டு மிச்சமெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள்."

அண்ணை யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஏப்ரல் 1, பெரிய வெள்ளி

பிலோமினம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கஞ்சி தந்தார்.

ஏப்ரல் 12, செவ்வாய்

முடிந்தது. என்ன நடந்தது என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பைபிளில் கை வைத்தேன். முன்பு சொன்னதில் பிழை இருக்கிறது, திருத்த வேண்டும் என்று லோயர் முதலிலேயே சொன்னாள். அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்போது மூத்திரம் முட்டியது. உண்மையாக.

றேடியோக் கடையைச் சொன்னேன். செற்றுக்கும் ட்ரான்ஸ்மிற்றருக்கும் என்ன வித்தியாசம் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்க்க வந்தவர் அதையும் இதையும் ஒன்றாக்கினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. கடதாசி வாங்கிக் கீறிக் காட்டினேன்: "இது கேக்கும். இது கதைக்கும். எங்கட கடையில இருந்தது கேக்கிறது மட்டும்." ஹென்றி என்ற பேரை அதே கடதாசியில் எழுதித்தான் காட்டினேன். தண்ணீர் தந்தார்கள்.

பிறகு, "சுவீடனில் அவ்வளவு காலம் என்ன செய்தீர்கள்?"

"விறகு இறக்கினேன். பாட்டுக் கேட்டேன்."

அதையும் எழுதினார்கள்.

இனி காத்திருப்பது. வீட்டு மணி அடித்தால் இப்போதும் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

1989 செப்டம்பர் 18, திங்கள்

இந்தக் கொப்பி பெட்டிக்கு அடியில் கிடந்தது. பயம் இருந்தால்தான் எழுதுவேன் போலிருக்கிறது.

அடுத்த மாதம் ஸ்டொக்ஹோம் போகிறேன். கன்யோன் அனுப்புகிறார், பத்து நாள், புதிய கசற்றுகள் கேட்டுத் தெரிவு செய்ய. அந்த ஊதாக் கோட்டு ஆட்கள் மண்டபத்தில் வாசிப்பதை நேரே பார்த்துவிட்டு வா என்று கட்டளை. லென்னார்ட் விமான நிலையத்துக்கு வருகிறாராம். யோகேந்திரன் அண்ணைக்கு நவம்பரில் விசாரணை. பெர்லினை முதல் வசனத்திலேயே சொல்லப்போகிறார், குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பழகுகிறார்.

என்னை அகதியாக ஏற்றபடியால் கிடைத்த பயணப் பத்திரம் இன்று தபாலில் வந்தது. பிலோமினம்மாதான் மேலே கொண்டுவந்து தந்தார். நின்று, "எங்கெங்க போகலாம் எண்டு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

வாசித்துக் காட்டினேன். எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இலங்கையைத் தவிர.

"ஓ" என்றார். பிறகு, ஸ்டொக்ஹோமில் நல்ல கம்பளிச் சால்வை இருந்தால் ஒன்று வாங்கி வரச் சொன்னார்.