கல்லைத் திருப்பிப் போட்டோம்

என் பிரியமான காதர் மச்சானுக்கு,

நீ இறந்துபோன பிறகு நம் கல்லை யாரும் தொடவில்லை. நேற்று தொட்டோம். அதைத்தான் எழுதுகிறேன். நம் பழைய மாணவர்களும் இதைப் படிக்கட்டும்.

உன் மகள் சபீரா, ஆவடியில் தான் பாடம் நடத்தும் கல்லூரியில், உன் ஆராய்ச்சியைத் தொடரப் போகிறாள். நம் கல், மின்சாரம் தாராளமாக ஓடும் ஓர் உலோகப் படிகம். குளிர்விக்கும்போது ஒரு கட்டத்தில் அதன் அணுக்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளமைப்பே மாறிவிடும். ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருந்த கல்லில், அந்தக் கட்டம் நெருங்கியபோது மின்னழுத்தம் வரைபடத்தில் மேடுபோல் எழுந்ததை நாம் பார்த்தோம். உன் பெயரை நாலு பேர் அறிந்தது அந்த மேட்டால்தான்.

ஆனால் அது கல்லின் மேடா, அதிலிருந்து கருவிக்குப் போகும் கம்பிகளின் பொய்யா? கல்லைத் திருப்பி வைத்து, சூடான முனையைக் குளிர்ந்த முனையாக்கினால் தெரிந்துவிடும். கல் தரும் மின்னழுத்தம் மேட்டுக்குப் பதில் பள்ளமாகும். கம்பிகள் தருவது மாறாது. நான் கேட்டபோதெல்லாம் நீ என்ன சொன்னாய்?

"வேணாம் மச்சான். இன்னொரு தபா குளிர வெச்சா பொளந்துக்கும். இருக்கறது இந்த ஒரு கல்லு. கோந்து போட்டு ஒட்டுவியா?"

பூந்தமல்லியில் உன் மனைவி ரஷீதா கல் இருந்த பெட்டியைக் கொடுக்கும்போது, "என்னைக்கூட இப்படிப் பஞ்சுல வெச்சுப் பாத்துக்கலண்ணே அவரு" என்றாள். நீ ஒட்டிய கம்பிகள் அப்படியே இருந்தன.

"நீங்களே திருப்பி வைங்க மாமா" என்று நேற்று கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சொன்னாள் சபீரா.

"என் கை நடுங்குமேம்மா."

"அது என்னிக்கு நடுங்காம இருந்துச்சு? அத்தா சொல்லியிருக்காரு."

வைத்தேன். குளிர்விக்கத் திரவ நைட்ரஜனை ஊற்றினாள். கல் பிளந்தால் உன் கடைசிப் பொருள் போகும். பிளக்காவிட்டால் உண்மை தெரிந்துவிடும். எதற்கு அதிகம் பயந்தேன்? பிளந்து தொலையட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், மச்சான்.

திரையில் கோடு கீழே இறங்கியது. பள்ளம்! சபீரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஆழம், பழைய மேட்டின் உயரத்தில் பாதிதான். கணக்குப் போட்டேன், மறுபடியும் போட்டேன். நாம் கண்ட மேட்டில் நாலில் ஒரு பங்கு கம்பிகளுடையது. மிச்சம்தான் கல்லுடையது.

"மேடு நிஜம்தான் மாமா!"

"நிஜம்தான். ஆனா குள்ளமாயிடுச்சும்மா."

"அத்தாவும் குள்ளம்தானே?" என்று சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

பிறகு, மெல்லச் சூடேறி வரும்போது, கல் பிளந்துவிட்டது. இரண்டு துண்டு. நீ சொன்னபடியே.

இப்போது என் பயம் வேறு. நான் தவறாக அளந்திருந்தால்? நீ ஒட்டிய கம்பி இத்தனை காலத்தில் தளர்ந்திருந்தால்? உன் மேட்டை நான் வீணாக வெட்டியவன் ஆகமாட்டேனா? சரிபார்க்கக் கல் இல்லை. திருத்திச் சொல்லவும் நீ இல்லை.

சபீரா புதுக் கல் வளர்க்கிறாள். அதுவரை, நேற்று கண்டதை, கல் பிளந்ததையும் என் சந்தேகங்களையும் சேர்த்து, நம் இருவர் பெயரிலும் ஆய்விதழுக்கு எழுதி அனுப்புகிறேன். கல் வளர்ந்ததும் என் மேனாம்பேட்டு வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் ஆவடிக்குக் கிளம்பிப் போவேன். அதையும் திருப்பி வைப்பேன். மேடு இன்னும் சிறுத்தாலும், இல்லாமலே போனாலும், உன் மகளிடம் மறைக்கமாட்டேன். பயந்துகொண்டேதான் சொல்வேன், ஆனால் சொல்லிவிடுவேன்.

சபீராவின் மாமா,
உன் மச்சான் வரதன்