பேய்க்கதையும் உன் கொப்பியும்

நேற்று வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில், நடைபாதைக் கடையில் பழைய மாத நாவல் ஒன்றைப் புரட்டினேன். மலிவுத் தாளின் புளித்த மணம் மூக்கில் ஏறியதும் உன் அறைதான் நினைவுக்கு வந்தது. நீ கனடாவில் காலமாகி எட்டு மாதமாகிறது. உன்னை நினைக்க இதைவிட நல்ல மணம் ஒன்று வாய்த்திருக்கலாம். என்ன செய்வது, நம் இருவருக்கும் கிடைத்தது அந்த மாத நாவல்களை எழுதிய பேய்க்கதைக்காரர்தான்.

யுத்த காலத்தில் நாம் தங்கியிருந்த கொழும்பு லொட்ஜில் உன் அறைக்கு எதிர் அறை என்னுடையது. பின்னேரம் வேலை முடிந்து வந்தால் பால் விடாத பிளேன்ரீயோடு சண்டை தொடங்கிவிடும். கிணற்றில் பிணம், புளியமரத்தில் மோகினி, இதெல்லாம் ரயிலில் வாசித்துவிட்டு சீற்றிலேயே விட்டு இறங்க வேண்டியவை என்பது என் கட்சி.

"பேயை விடு. பேய் வர முன்னம் அந்த வீட்டு மனிசர் ஒருத்தரை ஒருத்தர் பாக்கிற பார்வையைப் பார். அதைத்தான் அந்தாள் எழுதுறார்," என்பாய்.

நான் பேசப் பேச ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வாய். ஏன் என்று கேட்டால் சிரிப்பாய். உலக இலக்கியமெல்லாம் கரைத்துக் குடித்தவன் பேய்க்கதைக்காக இப்படி மல்லுக்கட்டுவானா? என் வாயைக் கிளற இது ஒரு சாட்டோ? யார் யாருக்குத் தகவல் கொடுக்கிறார்கள் என்று தெரியாத காலம் அது. நீ குளிக்கப் போன நேரம் கொப்பியைத் தேடினேன். பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாய். அன்றோடு நீ தகவல் கொடுக்கிறவன்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு ஞாயிறு காலை சுற்றிவளைப்பு. பொலிஸ் பதிவுத் துண்டும் அடையாள அட்டையுமாக லொட்ஜ் வாசல் ஒழுங்கையில் நின்றோம். உன் பெட்டியை உடைத்துக் கொப்பியை எடுத்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் எழுத்துக்கூட்டி வாசித்தார்: பிணம், இரத்தம், கிணறு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு திகதி. கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது, அது நம் பேய்க்கதைச் சண்டைதான் என்று.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, இவன் உன் கூட்டாளியா, இது என்னவென்று தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"தன்னே நெஹ, மாத்தயா," என்றேன். தெரியாது ஐயா. உனக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக விளங்கும்.

உன்னைப் பதினாறு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். திரும்பி வந்து, நான் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்தாய். உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது எனக்கு.

"என்னை ஆரெண்டு நினைச்சனி?" என்று கேட்டாய்.

ஒளிக்காமல் சொன்னேன். நீ கோபிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாய்.

"இப்ப சொல்லு. அந்தாள் எழுதினது இலக்கியமோ இல்லையோ?"

இலக்கியக் கூட்டங்களில் இன்றும் என்னிடம் அந்தப் பேய்க்கதைக்காரரைப் பற்றிக் கேட்கிறார்கள். இல்லை, அது இலக்கியமே இல்லை என்று உடனே சொல்லிவிடுகிறேன். ஓம் என்றால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்; நீ என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஞாயிறு காலையைச் சொல்ல வேண்டிவரும்.