ஜின்களின் ஊரில் அண்ணன்

பூர்ணிமாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

நீ லண்டனிலிருந்து அனுப்பிய உன் நாவலின் மூன்றாவது பாகத்தைப் படித்து முடித்தேன்.

நம் பள்ளிக்கூட வேன் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போதெல்லாம் நாம் இருவரும் சேர்ந்து கட்டிய கதை அது. கேட் மூடியிருக்கும்வரை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஜின்களின் ஊர் தெரியும், திறந்ததும் மறைந்துவிடும். அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் லண்டன் சுரங்க ரயிலில் வைத்தாய். நம் ஜின்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டாய். தொலையட்டும்.

ஆனால் ஜாபிர் அண்ணன்? சவூதிக்குப் போன அண்ணனிடமிருந்து தகவலே நின்றுபோன வருடம், என் அழுகையை நிறுத்த, "உங்கண்ணன் அங்கதான்டி இருக்காரு, ஜின்னுங்க சோறு போடுதுங்க" என்று சொன்னவள் நீ. இன்னும் வீடு திரும்பாத அதே அண்ணனை, புருவத்துத் தழும்புகூட மாறாமல், பிணம் தின்கிற பேயாக்கியிருக்கிறாய். அட்டையிலும் அதே முகம். வாசகர்களுக்கு அந்தப் பேயைத்தான் ரொம்பப் பிடிக்கிறது என்று பேட்டியில் பல்லைக் காட்டுகிறாய்.

உம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம ஜாபிர்தானே இது? பூர்ணிமா என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்றார்.

புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நம் பழைய கதையைச் சொன்னேன். "அண்ணன் நல்லா இருக்காரு உம்மா. ஊருக்கு வரப் பெட்டி கட்டுறாரு."

அன்று உம்மா தன் தட்டில் இரண்டாம் முறை சோறு போடச் சொன்னார்.

அடுத்த பாகத்தை எங்கள் வீட்டுக்கு அனுப்பாதே. அதில் என்ன நடக்கிறது என்று உம்மாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேனில் உன் பக்கத்து சீட்டில் இருந்தவள்